பசி ருசி அறியாது என்கிறார்கள்

பசி ருசி அறியாது என்ற பழமொழியை எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லாத உறவினர் அநேகமாக இல்லை. தம்பி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் பாட்டி சொன்னார். பிறகு அத்தை, பள்ளிக்கூட ஆயா, எதிர்வீட்டு மாமி என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவனுக்கு இப்போது 34 வயது. ஆட்டிசம் உள்ளவன். சமீபத்தில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா முறைக்காரர் ஒருவர், ரசம் ஓடிப் பாயசத்தோடு சேர்ந்துவிடாமல் சோற்றால் அணை கட்டிக்கொண்டே, "இரண்டு நாள் எதுவும் கொடுக்காமல் விட்டுப்பார் அம்மா. மூன்றாம் நாள் கல்லைக் கொடுத்தாலும் தின்பான்" என்றார். தம்பி அப்போது மண்டபத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்து, அம்மா டப்பாவில் கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியப்பா நல்லவர், அவன் மேல் அக்கறை உள்ளவர். அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அவர் சொன்ன பரீட்சை எங்கள் வீட்டில் யாரும் திட்டமிடாமலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது தம்பியோடு நான் இருந்தேன். அதே அரிசி, அதே குக்கர், அம்மா கிளம்புவதற்கு முன் உறை ஊற்றி வைத்துவிட்டுப் போன அதே தயிர். பிசைந்து தட்டில் வைத்தேன். ஒரு வாய் எடுத்தான். மெல்லவில்லை. நாக்கால் மேலண்ணத்தில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது வேறு" என்று சொல்லித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தான். கோபம் இல்லை, அடம் இல்லை. முகவரி மாறி வந்த கடிதத்தைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுப்போமே, அந்த மாதிரி ஒரு நிதானம். அதற்குப் பிறகு பிஸ்கட்டும் பாலும்தான். பெரியப்பாவின் கணக்குப்படி கல்லைத் தின்ன வேண்டிய நாளில் அவன் பிஸ்கட்டையும் நிறுத்தினான். கடைசியில் அம்மா படுத்திருந்த அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே, அவனுக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். பெயர் போடாதே, வேலை செய்யும் கடையின் பெயரும் போடாதே என்றான். மற்றபடி சரி.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் இருக்கும் ஒரு வேறுபாடு என்பதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது வீட்டு விஷயம். உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தம்பி சாப்பிடுகிறவை என்று சொன்னால் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்: தயிர் சாதம், ஆவி பறக்கும் இட்லி (சட்னி, சாம்பார், பொடி எதுவும் கூடாது), பால், அப்பளம், முறுக்கு, உருளைக்கிழங்கு சிப்ஸ், ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட பிஸ்கட். அந்த பிஸ்கட்டின் உறையில் நிறத்தை மாற்றினால் உள்ளே இருப்பதும் மாறிவிட்டது என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். சொல்லப்போனால் பல முறை அது உண்மையாகவும் இருந்திருக்கிறது.

பசியைப் பற்றிய அந்தப் பழமொழி எங்கே தவறுகிறது என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. வயிறு காலியாக இருக்கிறது, தொண்டை வறண்டிருக்கிறது, சிறுநீர் முட்டுகிறது என்று உடம்பு உள்ளிருந்து அனுப்பும் சேதிகள் எல்லாருக்கும் ஒரே தெளிவோடு வந்து சேர்வதில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு அவை மங்கலாக வருகின்றன, அல்லது பசி என்ற அடையாளமே இல்லாமல் வருகின்றன. தம்பிக்குப் பசித்தால் கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பான். மின்விசிறிச் சத்தம் பொறுக்காது. நாம் பேசுவது பொறுக்காது. அந்த நிலையில் புதிதாக ஒரு பண்டத்தை முன்னால் நீட்டினால், இருக்கிற தொல்லைகளோடு அதுவும் ஒன்று. பட்டினி போட்டால் மிரட்சி கூடும், மிரட்சி கூடினால் தொண்டை இன்னும் இறுகும். பெரியப்பாவின் வைத்தியம் வேலை செய்வதற்கு ஒரு சாதாரணப் பசி வேண்டும். இவனிடம் இருப்பது அது அல்ல.

இது பிடிவாதம் இல்லை என்பது மருத்துவத்துக்கும் புதிய செய்தி இல்லை. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி, 11 குழந்தைகளை வைத்து எழுதிய முதல் கட்டுரையிலேயே, அவர்களில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே உணவு பெரும் பிரச்சினையாக இருந்ததைக் குறித்திருக்கிறார். ஆனால் 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான், ஒலி, தொடுகை, வாசனை முதலியவற்றை அளவுக்கு மீறி உணர்வதும் குறைவாக உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக ஏறியது. உடல் எடையைப் பற்றிய கவலையே இல்லாமல், பதத்துக்காகவோ வாசனைக்காகவோ பயத்துக்காகவோ உணவைச் சுருக்கிக்கொள்ளும் நிலைக்குத் தனியாக ஒரு பெயர் கிடைத்ததும் அதே பதிப்பில்தான். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஆர்ஃபிட் (ARFID) என்கிறார்கள். தம்பிக்கு அப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. அவன் பள்ளியில் சேர்ந்த காலத்தில் வந்த 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமே கிடையாது. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் அது இடம்பெற்றது. இன்றைக்கும் தெரபி மையங்களின் சுவர்களில் யானையும் பலூனும்தான் வரைந்திருக்கிறார்கள். ஷேவ் செய்த முகத்தோடு ஓர் ஆள் உள்ளே நுழைந்தால், குழந்தை எங்கே என்று கேட்கிறார்கள்.

தயிரின் தினப்படி வேஷம்

தயிர் சாதம் ஒன்றுதானே, அதை யார் பிசைந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு மாதம் அவனுடைய தட்டைக் கவனித்தால் அப்படிக் கேட்க மாட்டோம். திருச்சி வெயிலில் காலையில் உறை ஊற்றினால் மதியத்துக்குள் தோய்ந்து, சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். மார்கழியில் அதே பால் இரவு முழுக்க இருந்தும் தளர்வாகவே கிடக்கும். புது அரிசி குழையும், கையில் ஒட்டும். பழைய அரிசி பொலபொலவென்று நிற்கும், தண்ணீரும் அதிகம் கேட்கும். மளிகைக்கடைக்காரர் மூட்டையை மாற்றிய செய்தி அவன் நாக்குக்குத்தான் முதலில் தெரியும். இட்லியும் அப்படியே. மாவு ஒருநாள் பொங்கும், ஒருநாள் பொங்காது. நாம் இவற்றையெல்லாம் குழம்பையும் ஊறுகாயையும் போட்டு மூடிவிடுகிறோம். அவன் மூடாமல் சாப்பிடுகிறான்.

அம்மா இத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்தது என்ன என்பதை அப்போதுதான் பார்த்தேன். வெயில் நாளில் சாதத்தைச் சூட்டோடு பாலில் பிசைந்து தயிரை ஒரு கரண்டி மட்டும் விடுவார், குளிர் நாளில் அளவு மாறும். தயிர் தோய்ந்த கணத்தில் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுவார். புது மூட்டை வந்தால் பழைய அரிசியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தெரியாதபடி மாற்றிக்கொண்டு போவார். வானிலையை ஈடுகட்டி, ஆண்டு முழுவதும் ஒரே தயிர் சாதத்தை அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதற்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று பெயர்.

இப்படியே போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடாததற்குக் காரணம் அவனுடைய ஈறுகள். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது, சின்னக் காயம்கூட ஆற நாளானது. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து மிகவும் கீழே இருந்தது. வைட்டமின் சி போதுமான அளவு உடம்பில் ஏற வழி இல்லாத சாப்பாடு இது என்று டாக்டர் சொன்னார். பாலும் தயிரும் இருப்பதால் சில சத்துகள் தப்பித்தன. பழம், காய், கீரை எதுவும் இல்லாததால் மற்றவை தப்பவில்லை. வைட்டமின் சி குறைவதால் வரும், பழைய காலத்து மாலுமிகளோடு போய்விட்டதாக நாம் நினைக்கும் ஸ்கர்வி நோய், உணவு மிகச் சுருங்கிய ஆட்டிசக் குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. 2019இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்து ஒரு பையனைப் பற்றிய அறிக்கை வந்தது. பல ஆண்டுகளாக வறுத்த உருளைக்கிழங்கு, சிப்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி என்று மட்டுமே சாப்பிட்டு, 17 வயதுக்குள் பார்வையைப் பெருமளவு இழந்துவிட்டான். எடையும் உயரமும் சரியாக இருந்ததால் வெளியில் எதுவும் தெரியவில்லை. தம்பியும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தான்.

மாத்திரை கொடுத்தால் ஆயிற்று என்பவர்களுக்கு: மாத்திரையும் வாய்க்குள் போக வேண்டிய ஒரு புதுப் பண்டம்தான். ஆரஞ்சு வாசனையோடு சப்பிச் சாப்பிடும் மாத்திரை எங்கள் வீட்டு மேசையைத் தாண்டவில்லை. இரும்புச்சத்து மருந்தைத் தயிர் சாதத்தில் கலந்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். அந்த யோசனைக்கு எங்களிடம் பதில் தயாராக இருந்தது, ஏனென்றால் சித்தி ஏற்கெனவே ஒரு நாள் கேரட்டை விழுதாக அரைத்து இட்லி மாவில் கலந்திருந்தார். நிறம்கூட அவ்வளவாக மாறவில்லை. ஒரு விள்ளலில் கண்டுபிடித்துவிட்டான். அன்று போனது கேரட் மட்டும் இல்லை, இட்லியும் போயிற்று. பல மாதங்கள் இட்லித் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவான். ஏழு பண்டங்களில் வாழ்கிறவனிடம் ஒன்றைப் பறித்தால் எவ்வளவு பறித்தோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளித்துக் கொடுப்பது, கேரட்டைத் தின்றால்தான் தயிர் சாதம் என்று பேரம் பேசுவது, இந்த இரண்டிலும் கேரட் உள்ளே போவதற்கு முன் தயிர் சாதம் வெளியே போய்விடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒவ்வாமை இருக்கிறதென்று பரிசோதித்து டாக்டர் சொன்னால் அது வேறு கதை. தயிர் சாதத்தில் உயிர் வாழ்கிற ஒருவனிடம் பாலை நிறுத்தச் சொல்கிறவர், அவனுக்கு அதற்குப் பதில் என்ன கொடுப்பது என்பதையும் அந்தச் செய்தியில் எழுதலாம்.

மேசை மேல் ஒரு வரிசை

டாக்டர் அனுப்பிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களுக்குப் பயிற்சி தருகிறவர், குழந்தைகளோடு வேலை செய்கிறவர்தான். முதல் நாள் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. என்னைப் பார்த்து "இவர் என்ன சாப்பிடுவார்?" என்று கேட்காமல், தம்பியைப் பார்த்து "நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். அவனை நீங்கள் என்று அழைக்கிறவர்கள் வங்கியில்கூடக் குறைவு. பல்வலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் எதுவும் பின்னால் ஒளிந்திருக்கவில்லை என்று முதலில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லாதவர்கள் சாப்பாட்டை ஒதுக்கித்தான் சொல்வார்களாம். கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது. அதை அடைத்தோம். பிறகு வீட்டில் செய்யச் சொல்லி ஒரு வேலை கொடுத்தார்: பல பண்டங்களைத் தனித்தனித் தட்டில் வையுங்கள், யாரும் எதையும் சாப்பிட வேண்டாம், அவரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், எந்த வரிசை என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்த பிறகு செய்தோம். அப்பளம், முறுக்கு, பொரி, பொட்டுக்கடலை, இட்லி, வாழைப்பழம், பன்னீர் திராட்சை, பச்சைக் கேரட், வேகவைத்த கேரட், கத்தரிக்காய்ப் பொரியல், கொய்யா. சாப்பிடக் கூடாது என்று தெரிந்ததும் அவன் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். தட்டுகளை நகர்த்த ஆரம்பித்தான். வெள்ளையாக இருப்பவை ஒரு பக்கம் போகும் என்று நான் மனத்துக்குள் பந்தயம் கட்டியிருந்தேன், ஏனென்றால் வீட்டில் எல்லாருமே அவனுக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்று சொல்வோம். அப்படி நடக்கவில்லை. அப்பளமும் முறுக்கும் அவன் பக்கம் போயின. இட்லி அதற்கு அடுத்து. பொட்டுக்கடலை பக்கத்தில். பிறகு அவன் பச்சைக் கேரட் தட்டை எடுத்து, ஒரு துண்டைக் கையில் ஒடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பொட்டுக்கடலைக்கு அருகில் வைத்தான். வேகவைத்த கேரட்டோ மேசையின் அந்தக் கோடிக்கு, கத்தரிக்காயின் பக்கத்துக்குப் போயிற்று. ஒரே காய், மேசையின் இரண்டு முனைகளில்.

எல்லாவற்றுக்கும் அப்பால், மேசை விளிம்பில், விழுந்துவிடும்போல நின்றது திராட்சை. ஏன் என்று கேட்டேன். "திராட்சை பொய் சொல்லும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே தொடர்ந்தான். ஒன்று இனிக்கும், அடுத்தது புளிக்கும், அதற்கடுத்தது கொழகொழவென்று இருக்கும், வெளியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வாழைப்பழம் இன்று ஒன்று, நாளை ஒன்று. முறுக்கு அப்படி இல்லை. முதல் கடியில் என்ன சொல்கிறதோ அதையே கடைசிக் கடியிலும் சொல்லும்.

அந்தத் தட்டுகளைக் கழுவி வைக்க எனக்கு மனம் வரவில்லை, அப்படியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சமையலில் காய் என்றாலே வெந்த காய்தான். பொரியல், கூட்டு, அவியல், சாம்பாரில் போடும் காய் எல்லாமே வேகவைத்து, மசிந்து, கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்து, ஒரு வாயில் நான்கு பதம் இருக்கும்படி செய்தவை. அதுதான் ருசி என்று நாம் வளர்ந்திருக்கிறோம். காய்கறி சாப்பிட மாட்டான் என்று அவனைப் பற்றி நாங்கள் சொன்னதெல்லாம் அந்த வெந்த காயைப் பற்றிய தீர்ப்பு. பச்சைக் காயைப் பற்றி அவனிடம் யாரும் கேட்டதே இல்லை.

கொய்யாவிலிருந்து தொடங்கலாம் என்று தெரபிஸ்ட் சொன்னார். ஆரஞ்சைவிட மூன்று நான்கு மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை என்பதால் சூட்டில் சத்து அழிவதும் இல்லை. செடியிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ளவும் வைட்டமின் சி உதவும். பழுத்தால் கொழகொழக்கும், ஆகவே பழம் கூடாது. முழுக் காய் துவர்க்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் செங்காய்தான் வேண்டும். கத்தியை அவன் கையிலேயே கொடுத்தோம். விதைப் பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு, மீதியைச் சிப்ஸ் கனத்துக்குச் சீவினான். சில நாள் அது மேசையில் சும்மா இருந்தது. பிறகு முகர்ந்தான். பிறகு உதட்டில் வைத்து எடுத்தான். கடித்துவிட்டுத் துப்பலாம் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்ததால் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்தோம். வேண்டாம் என்றால் வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் உள்ளே நுழைவார்.

அந்தக் கிண்ணம்தான் வீட்டில் கலவரத்தை உண்டாக்கியது. அன்னத்தைத் துப்புவதா என்று அம்மா கொதித்துவிட்டார். நம் வீடுகளில் சாப்பாட்டை மறுப்பதே மரியாதைக்குறைவு, கை நனைக்காமல் போனால் உறவே அறுந்த மாதிரி. துப்புவது அதற்கும் மேலே. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கொய்யா அன்னத்தில் சேராது, தயிர் சாதத்தை மட்டும் துப்பக் கூடாது என்று அம்மாவே ஒரு தீர்ப்பு எழுதினார். சாஸ்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

சாதாரணக் குழந்தைகளுக்கே ஒரு புதுச் சுவை பழக எட்டு, பத்து, பதினைந்து முறைகூட ஆகலாம் என்பார்கள். இங்கே எண்ணிக்கையை மறந்துவிட வேண்டியதுதான். எப்போது விழுங்கினான் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு நாள் கிண்ணம் காலியாக இருந்தது, தட்டும் காலியாக இருந்தது. யாரும் கை தட்டக் கூடாது என்று எச்சரிக்கை வந்திருந்ததால் அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

யாருக்கு வேண்டும்?

கொய்யா உள்ளே வந்தவுடன் எங்களுக்குப் பேராசை வந்தது. அடுத்து வெள்ளரி, அடுத்து கீரை, அடுத்து சாம்பார் என்று அம்மா பட்டியல் போட்டார். தம்பி ஒரே கேள்வியில் நிறுத்தினான்: "எதற்கு?" நியாயமான கேள்வி. அவன் சம்பாதிக்கிறான், வாக்களிக்கிறான். 34 வயது ஆளுக்கு இன்னொருவர் தட்டைத் திட்டமிடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். உடம்பு கெடுகிறது என்பது ஒரு காரணம், அதை ஒத்துக்கொண்டான். பந்தியில் உறவினர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை இல்லை, எங்களுடையது. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

அவனுக்கென்று ஓர் ஆசை இருந்தது. அவன் ஒரு பைண்டிங் கடையில் வேலை செய்கிறான். கல்லூரி ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்து பதிக்கும் வேலை. மாணவர்கள் கடைசி நாளில் வந்து குவியும் மாதங்களில் முழு நாளும் இருக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். முடியாது, ஏனென்றால் டப்பாவில் கொண்டுபோன தயிர் சாதம் மதியம் ஒரு மணிக்குள் புளித்துவிடும். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வெயிலில் திரும்பிப் போவதற்குள் வேலை போய்விடும். ஆக அவனுக்கு வேண்டியது, காலை எட்டு மணிக்கு இருந்தபடியே மதியம் ஒரு மணிக்கும் இருக்கும் ஒரு சாப்பாடு. கீரையும் சாம்பாரும் இந்தத் தேர்வில் உட்காரவே தகுதி இல்லாதவை.

வறுத்த வேர்க்கடலையை நான் சிபாரிசு செய்தேன். நல்ல சத்து, நல்ல மொறுமொறுப்பு. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, ஒரு சொத்தைக் கடலை வாயில் அகப்படும் வரை. நமக்கெல்லாம் தெரிந்த கசப்புதான், துப்பிவிட்டு அடுத்ததை எடுப்போம். அவன் பொட்டலத்தையே மூடினான். வேர்க்கடலையும் பொய் சொல்லும் வகையில் சேர்ந்துவிட்டது. பொட்டுக்கடலை நின்றது. புரதம் உள்ள பண்டம், மூட்டை முழுக்க ஒரே முகம். அதோடு கேரட் குச்சிகள், தண்ணீர் விடாதபடி துணியில் ஒற்றி எடுத்தவை. முறுக்கு. ஒரு பெட்டிப் பால். டாக்டர் பார்த்துவிட்டு, ராஜ விருந்து இல்லை, ஆனால் மதிய உணவுதான் என்றார். ஈறில் ரத்தம் வருவது நின்றது. இரும்புச்சத்துக்கு இன்னும் ஊசிதான், அதில் ருசி இல்லாததால் அவனுக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொருவர் கை

புதுப் பண்டங்களைச் சேர்ப்பது பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். என்னுடைய கவலை அங்கே இல்லை. அம்மாவுக்கு வயதாகிறது. அம்மா கை தயிர் சாதம் என்பது ஒரே காலில் நிற்கும் பந்தல். ஆட்டிசம் உள்ளவர்களின் வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான் இரவில் தூங்கவிடாமல் சுற்றுகிறது: எனக்குப் பிறகு யார்? சொத்து, காப்பாளர், வங்கிக் கணக்கு என்று அதற்குப் பதில் தேடுகிறோம். 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் காப்பாளரை நியமிக்க வழியும் இருக்கிறது. காப்பாளர் பிசைந்த தயிர் சாதத்தை அவன் சாப்பிடுவானா என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. பத்துக் காய்கறிகள் புதிதாக உள்ளே வருவதைவிட, அதே தயிர் சாதம் இரண்டாவது ஒரு கையிலிருந்து உள்ளே போவது பெரிய முன்னேற்றம் என்பது என் கட்சி.

ஆகவே வீட்டில் சமையலுக்கு உதவியாக வரும் அக்காவை வைத்து ஆரம்பித்தோம். ஒளிவுமறைவு கிடையாது. இது அம்மா செய்தது இல்லை என்று அவனிடம் சொல்லித்தான் வைப்போம். அம்மாவின் தட்டு எப்போதும்போல் தனியாக இருக்கும். முதலில் அக்காவின் சாதம் அதே மேசையில் ஒரு கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். என்ன வேறு என்று இந்த முறை அவனிடமே கேட்டோம். கட்டி என்றான். அம்மா சூட்டோடு கையால் பிசைவதில் ஒரு பருக்கை மிஞ்சாது. மற்றவர்கள் கரண்டியால் மசிப்பதில் அங்கங்கே முழுப் பருக்கை நிற்கும். அம்மா கையின் மகிமை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அதுதான். பருப்பு கடையும் மத்தைக் கொண்டுவந்து சாதத்தைக் கடைந்தார் அக்கா. இன்னும் சரியில்லை. தண்ணீரை அரை டம்ளர் கூட்டினார். உப்பை அம்மா கை அளவில் போடுவதை ஒருநாள் தராசில் நிறுத்துப் பார்த்து, ஸ்பூன் கணக்குக்கு மாற்றினோம். அம்மா இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது நிம்மதியா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

தம்பி இப்போது அக்காவின் தயிர் சாதத்தைச் செவ்வாயும் வெள்ளியும் சாப்பிடுகிறான். மற்ற நாள்களில் முடியாதாம். ஏன் செவ்வாய் என்று கேட்டால், ஏன் கூடாது என்கிறான். கத்தரிக்காய் மேசையின் அந்தக் கோடியிலேயே இருக்கிறது, அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். இட்லி திரும்பி வந்துவிட்டது, சித்தி வீட்டில் இல்லாத நாள்களில் மட்டும். செய்முறையை அவனே கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து, கடையில் லேமினேட் செய்து, அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறான். அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் நாலரை, ஐந்து விசில், மத்தால் கடைய வேண்டிய நேரம், வெயில் காலத்துத் தயிர் அளவு, மார்கழித் தயிர் அளவு என்று எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அடியில் தடித்த எழுத்தில், "சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கவும்" என்று போட்டுத் தன்னுடைய போன் எண்ணையும் கொடுத்திருக்கிறான். போன வாரம் அக்கா உண்மையாகவே கடை நேரத்தில் போன் செய்து உப்பைப் பற்றிக் கேட்டார். "தலை தட்டி அரை ஸ்பூன்" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டானாம்.